காக்கைக்குக் கண்மணி ஒன்றா, இரண்டா?

10 பிப்ரவரி 2024, காலை

ராணிப்பேட்டை வாசகர் ஒருவர் கேட்டது, அப்படியே போடுகிறேன்: "நேற்று தை அமாவாசைக்குச் சோறு வைத்தோம். காக்கை வந்து மதில்மேல் உட்கார்ந்து ஒருபக்கமாகத் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தது, அப்புறம் திருப்பி மறு கண்ணால் பார்த்தது, அதற்கப்புறம்தான் சோற்றைத் தொட்டது. காக்கைக்குக் கண்மணி ஒன்றுதான், அதுதான் இங்கேயும் அங்கேயும் ஓடுகிறது என்கிறார் எங்கள் ஆயா. உண்மையில் என்ன நடக்கிறது? பறவைக்கும் இடமூளை வலமூளை என்றெல்லாம் உண்டா? பையனை வலமூளை வகுப்பில் சேர்க்கச் சொல்லி வீட்டில் ஒரே நச்சரிப்பு, அதனால்தான் கேட்கிறேன்."

10 பிப்ரவரி, இரவு

கண்மணி இரண்டுதான். ஆனால் ஆயா கவனித்தது சரி, சொன்ன காரணம்தான் வேறு. காக்கையின் கண் நம் கண்ணைப் போலக் குழிக்குள் தாராளமாக உருளாது, அதனால் ஒன்றை உற்றுப் பார்க்க வேண்டுமென்றால் தலையையே திருப்பியாக வேண்டும். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஒரு சமயத்தில் ஒரு கண்தான் சோற்றுக்கு நேராக வரும். கீழேயிருந்து பார்ப்பவருக்கு மணி அந்தப் பக்கம் ஓடிவிட்ட மாதிரிதான் இருக்கும்.

எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு. பறவையின் கண் நரம்பு கிட்டத்தட்ட முழுசாக எதிர்ப்பக்கம் தாண்டிப் போகிறது. வலக்கண் பார்ப்பது இடமூளைக்கு, இடக்கண் பார்ப்பது வலமூளைக்கு. நமக்குப் பாதி இழைதான் தாண்டும், பாதி அதே பக்கம் தங்கிவிடும். ஆகவே காக்கை தலையைத் திருப்பியபோது ஒரே சோற்றை இரண்டு மூளைகளுக்குத் தனித்தனியாகக் காட்டியது என்று சொல்லலாம். பறவைக்கு நம்மைப் போல இரு பாதிகளையும் இணைக்கும் பாலம் கிடையாது, ஒரு பாதிக்குத் தெரிந்தது மறு பாதிக்குத் தெரியாது.

வகுப்பைப் பற்றி நாளைக்கு. கோபம் ஆறட்டும்.

11 பிப்ரவரி

ஆறவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். சில வருஷத்துக்கு முன்னால் என் பெண்ணை அப்படி ஒரு வகுப்பில் சேர்த்தேன். பேர் வேண்டாம். கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டிவிட்டு, நிறம் சொல்லு, எழுத்தைப் படி என்பார்கள். கடைசி நாள் பெற்றோர் முன்னால் செய்துகாட்டினாள், நானும் கை தட்டினேன். அன்றைக்கு ராத்திரி வீட்டில் அதே துணியைக் கட்டி, அட்டையை நெற்றிக்கு நேராகப் பிடித்தேன். "அங்க வெச்சா எப்டிப்பா தெரியும், கீழ வை" என்றாள். மூக்குத்தண்டு ஓரம் ஒரு சந்து. அவள் அதை ஏமாற்று வேலை என்றே நினைக்கவில்லை, சந்து வழியாகப் பார்ப்பதுதான் பாடம் என்று நினைத்திருக்கிறாள். வலமூளையோ நடுமூளையோ எதுவும் திறக்கவில்லை, என் பர்ஸ்தான் திறந்தது.

இந்தப் பேச்சுக்கெல்லாம் ஊற்று உண்மையான ஆராய்ச்சிதான், அதுதான் வயிற்றெரிச்சல். கடுமையான வலிப்பு நோய்க்காக இரு பாதிகளுக்கும் நடுவே இருந்த பாலத்தை வெட்டிய நோயாளிகளை ரோஜர் ஸ்பெரி ஆராய்ந்தார், 1981ல் நோபல் வாங்கினார். அதிலிருந்து "இடமூளைக்காரர் கணக்குப் புலி, வலமூளைக்காரர் கலைஞர்" என்று கிளப்பிவிட்டது சந்தை. 2013ல் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மூளை ஸ்கேன்களைப் பார்த்தார்கள். ஒருவர் மொத்தமாக இடமூளைக்காரர், இன்னொருவர் வலமூளைக்காரர் என்று பிரிக்கிற மாதிரி எதுவும் சிக்கவில்லை. தனித்தனி வேலைகள் பக்கம் சாய்கின்றன, ஆள் சாய்வதில்லை.

அந்தப் பணத்துக்குப் பையனுக்கு நாலு கோழிக்குஞ்சு வாங்கிக் கொடுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

12 பிப்ரவரி

கோழிக்குஞ்சு ஏன் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

ஆஸ்திரேலியாவில் லெஸ்லி ரோஜர்ஸ் என்ற அம்மையாரும் மற்றவர்களும் 1970களின் கடைசியிலிருந்து செய்துவந்த சோதனைகள். குஞ்சுகளுக்கு முன்னால் கூழாங்கல்லும் தீனியும் கலந்து கிடக்கும். ஒரு கண்ணை மூடி விடுவார்கள். வலக்கண் திறந்திருந்தால் குஞ்சு சீக்கிரமே கல்லை விட்டுவிட்டுத் தீனியைப் பொறுக்கும். இடக்கண் மட்டும் திறந்திருந்தால் கல்லையும் கொத்திக்கொண்டே இருக்கும். அதே இடக்கண்தான் மேலே பருந்து வருகிறதா என்று பார்ப்பதிலும், புதுசாக எதையாவது கண்டு மிரள்வதிலும் கெட்டி. தீனி வலக்கண்ணுக்கு, பயம் இடக்கண்ணுக்கு.

இது எங்கிருந்து வருகிறது என்பதுதான் அழகு. முட்டைக்குள் கடைசி நாட்களில் குஞ்சு தலையைத் திருப்பிப் படுத்திருக்கும், இடக்கண் உடம்போடு ஒட்டியிருக்கும், வலக்கண் ஓட்டைப் பார்த்திருக்கும். ஓடு வழியாக வரும் வெளிச்சம் ஒரு கண்ணுக்கு மட்டும் கிடைக்கிறது. அந்த மூன்று நாளில் சில மணி நேர வெளிச்சமே போதும், இந்தத் தீனிக்கண் வேறுபாடு உண்டாகிவிடும். முழு இருட்டில் பொரித்தால் இல்லை.

14 பிப்ரவரி

எங்கள் வீட்டுக் கோழி ஒன்று அடைக்கு உட்கார்ந்துவிட்டது. நல்ல நேரத்தில். ஒன்பது முட்டை வைத்தாயிற்று. காட்பாடி பக்கம் இருக்கிறவர்கள் வந்து பார்க்கலாம், ஆனால் கோழி கொத்தும்.

வைத்தது எங்கள் வீட்டு ஆயா. கூடையில் வைக்கோல், ஓரத்தில் ஒரு துருப்பிடித்த ஆணி, ஒரு கரித்துண்டு, இரண்டு காய்ந்த மிளகாய். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும், இரும்பு இருந்தால் ஆகாது. மாசியில் எங்கே இடி என்று கேட்டேன், பதில் வரவில்லை. கூடையை அறையின் இருட்டு மூலையில் வைத்து மேலே சாக்கைப் போட்டு மூடினார். எனக்குத் திக்கென்றது. வெளிச்சமே படாதே? "அத்த உடு, கோழிக்குத் தெரியும்" என்றுவிட்டார்.

வாலாஜாவில் என் மச்சான் தெர்மாகோல் பெட்டியில் பல்பு போட்டுப் பொரிக்கிறான். 37.5 டிகிரி, தண்ணீர்க் கிண்ணம், கம்ப்யூட்டர் ஃபேன். அவன் முட்டைகளுக்கு ராத்திரி பகல் இல்லாமல் வெளிச்சம். ஆக, இருட்டுக் கூடை எங்கள் வீட்டில், வெளிச்சப் பெட்டி அவன் வீட்டில். ஆராய்ச்சி தானாக அமைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அசடு வழிகிறேன்.

18 பிப்ரவரி

பேச்சு இடக்கைக்குத் திரும்பிவிட்டது. நானும் பீச்சாங்கைக்காரன்தான். மூன்றாம் வகுப்பில் ஒரு வாத்தியார் என் இடக்கையைப் பெஞ்சுக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி, வலது கையில் பலப்பத்தைத் திணித்தார். இன்றைக்கும் எழுதுவது வலது, பந்து எறிவது இடது, கோயிலில் விபூதி வாங்கும்போது மட்டும் ஒரு நொடி குழப்பம். சாப்பிடும் கை சோத்தாங்கை, மற்றது பீச்சாங்கை என்று மொழியிலேயே தீர்ப்பு எழுதி வைத்திருக்கிற ஊரில் பத்தில் ஒருவனாகப் பிறந்தால் இதெல்லாம் உண்டு.

"அப்போது உங்கள் மூளையும் தலைகீழா?" என்று ஒரு தம்பி கேட்டார். அநேகமாக இல்லை. வலக்கைக்காரர்களில் நூற்றுக்கு 95 பேருக்குப் பேச்சு இடமூளையில். இடக்கைக்காரர்களிலும் சுமார் 70 பேருக்கு அதே இடம்தான். கையை வைத்து மூளையைச் சொல்ல முடியாது.

கிளிக்கும் இது உண்டு. ஆஸ்திரேலியாவின் மஞ்சள் கொண்டைக் காக்கட்டூ பெரும்பாலும் இடது காலால்தான் தீனியைப் பிடித்துச் சாப்பிடும், அங்கே வலதுகால்காரர்தான் சிறுபான்மை. நம் ஊர்க் கிளி ஜோசியர் பெட்டிக்கு முன்னால் நின்று அது எந்தக் காலை முன்வைக்கிறது என்று பார்க்கலாமென்றால், கிளியை அடைத்து வைப்பதே வனவிலங்குச் சட்டப்படி குற்றம். பார்த்தவர்கள் சொல்ல வேண்டாம்.

19 பிப்ரவரி

எல்லாருக்கும் ஏன் ஒரே பக்கம், ஆளுக்கு ஒரு பக்கமாக இருந்தால் என்ன? வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பில் சாயங்காலம் ஆறு மணிக்கு நின்று பாருங்கள். எல்லாரும் இடதுபுறம் போவதில் இடதுக்கு ஒரு விசேஷமும் இல்லை, எல்லாரும் ஒன்றாகப் போவதில்தான் விசேஷம். கூட்டமாக வாழும் உயிர்களில் பக்கம் ஒத்துப்போவதற்கு வல்லோர்திகாரா என்ற ஆராய்ச்சியாளரும் ரோஜர்ஸும் சொல்லும் காரணம் கிட்டத்தட்ட இதுதான். எதிர்ப்பக்கக்காரனுக்கும் லாபம் உண்டு: எதிராளி எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து வருவான். தெரு கிரிக்கெட்டில் நான் பந்து போட்டபோது மட்டும் எனக்கு மரியாதை கிடைத்தது இதனால்தான்.

23 பிப்ரவரி

திருத்தம், இரண்டு.

ஒன்று, முதல் நாள் "ஒரு பாதிக்குத் தெரிந்தது மறு பாதிக்குத் தெரியாது" என்று அடித்துவிட்டேன். தவறு. கார்ப்பஸ் கலோசம் என்கிற அந்தப் பெரிய பாலம் பறவைக்கு இல்லை என்பது சரி, ஆனால் சின்னச் சின்ன இணைப்புகள் இருக்கின்றன. மேம்பாலம் இல்லையென்றால் ஊருக்குள் போக்குவரத்தே இல்லை என்று சொல்வது போல எழுதியிருக்கிறேன்.

இரண்டு, தனியாக ஒருவருக்கு எழுதியபோது "பறவைகளுக்குப் பாட்டும் இடப்பக்கம்தான், நம் பேச்சு மாதிரியே" என்று சொன்னேன். 1970களில் ஃபெர்னாண்டோ நாட்டெபோம், சாஃபின்ச் என்ற பாடும் பறவையில் குரல் உறுப்புக்குப் போகும் இடப்பக்க நரம்பை வெட்டினால் பாட்டில் பெரும்பகுதி போய்விடுகிறது, வலப்பக்கம் வெட்டினால் அவ்வளவாகப் போவதில்லை என்று கண்டார். கானரியிலும் இடதுதான். ஆனால் ஜீப்ரா ஃபின்ச்சில் வலது ஓங்கி நிற்கிறது. ஆகவே "பறவைகளுக்கு" என்று மொத்தமாக எழுதியது என் அவசரம்.

1 மார்ச்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் இருந்தேன்.

நைனாவுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. வலக்கை, வலக்கால், அதோடு பேச்சு. மூன்றும் சேர்ந்து போனால் அடி விழுந்தது இடமூளையில் என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். நாம் சொல்வது அவருக்குப் புரிகிறது, டம்ளரைக் காட்டி இது என்ன என்று கேட்டால் உதடு தவிக்கிறது, சொல் வரவில்லை. முதல் மாதம் அவர் வாயில் தெளிவாக வந்தது ஒரே ஒரு கெட்ட வார்த்தை. பிசியோதெரபிக்கு வந்த பெண்ணிடமும் அதைத்தான் சொன்னார், அவமானத்தில் கண் கலங்கியது அவருக்கு.

1861ல் பாரிஸில் பால் ப்ரோகா பார்த்த லெபோர்ன் என்ற நோயாளிக்கு "டான்" என்ற ஓசையைத் தவிர வேறு வராது, கோபம் வந்தால் மட்டும் ஒரு வசவு வரும். அவர் இறந்தபின் மூளையைத் திறந்து இடப்பக்க முன்பகுதியில் சிதைவைப் பார்த்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆறுதலாக இருந்தது, ஏன் என்று தெரியவில்லை.

இன்னொன்று. நைனாவால் பேச முடியாது, பாட முடியும். எங்கள் அம்மா முருகன் பாட்டை ஆரம்பித்தால் இவர் அடுத்த அடியைச் சொல்லோடு, ராகத்தோடு எடுப்பார். பாட்டு நின்றால் சொல்லும் நின்றுவிடும். எண்ணவும் வரும்: ஒன்று, இரண்டு, மூன்று என்று நாம் தொடங்கி வைத்தால் ஓடும். "நாலு" என்று தனியாகச் சொல்லச் சொன்னால் வராது. பழகிப் பழகித் தடம் விழுந்தது, ராகத்தோடு வருவது, இவற்றுக்கெல்லாம் வலப்பாதியும் தோள் கொடுக்கிறது என்கிறார்கள்.

2 மார்ச்

வந்த பதில்களுக்கு நன்றி. ஆற்காட்டில் எங்கள் பழைய வீட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் நினைவுக்கு வந்தார். அவருக்கு எதிர்ப்பக்கம், வலமூளையில் பாதிப்பு. பேச்சு மணி மாதிரி. ஆனால் இலையில் வலப்பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். இடப்பக்கம் வைத்த இலவம்பாடி கத்திரிக்காய்ப் பொரியல், அவருக்கு உயிர், தொடாமல் கிடக்கும். கண்ணில் கோளாறு இல்லை, இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மூளைக்கு உறைக்கவில்லை. இலையைத் திருப்பிப் போடுவது ஆகாது என்று ஆயுசு முழுக்க நம்பிய அவர் வீட்டம்மா ஒருநாள் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பிப் போட்டார். "இப்பத்தான் வெச்சியா? இன்னா இவ்ளோ நேரம்?" என்று பொரியலைச் சாப்பிட்டாராம்.

நம் ஊர்ச் செய்தி ஒன்று, இங்கே யாரும் சொல்லவில்லை: இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையை 1949ல் ஜேக்கப் சாண்டி தொடங்கியது வேலூர் சிஎம்சியில்தான். அவர் பயிற்சி பெற்றது மான்ட்ரியலில். அங்கே பென்ஃபீல்ட் என்ற மூளை அறுவை டாக்டர், நோயாளியை விழித்திருக்க வைத்தே மூளையின் மேல் மெல்லிய மின்சாரம் கொடுத்து, எங்கே தொட்டால் பேச்சு தடுமாறுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வார், அறுக்கும்போது அந்த இடத்தைத் தவிர்க்க.

6 மார்ச்

பொரித்துவிட்டது! ஒன்பதில் ஏழு. இரண்டு கூமுட்டை. ஆணி வைத்தும்.

10 மார்ச்

அசடு வழியும் நேரம். பாலாற்று மணலில் பொடிக் கல்லாகப் பொறுக்கி நொய்யோடு கலந்து போட்டேன். ஒரு குஞ்சுக்கு ஒரு கண்ணில் காகித டேப்பை ஒட்டினேன். அது ஒரு நிமிஷம் சும்மா நின்றது, பின்னாலேயே நடந்தது, காலால் டேப்பைப் பிய்த்து எறிந்தது. தாய்க்கோழி என் புறங்கையைக் கிழித்தது. ஆயா பார்த்துவிட்டு, "இன்னாடா பண்ற பச்ச மண்ண? உன் கண்ணுல ஒட்டிக்கினு சோறு துன்னு பாரு" என்றார். நியாயம். கழற்றிவிட்டேன், இனி ஒட்ட மாட்டேன்.

ஆரணி நண்பர் ஒருவர் இன்னும் பொறுமையாக என் ஆராய்ச்சியின் ஓட்டைகளைச் சொன்னார். கூடை இருட்டு என்றது பொய், கோழி தினமும் ஒருமுறை இரைக்கு எழுந்தபோது நானே சாக்கை விலக்கி டார்ச் அடித்து முட்டை பார்த்திருக்கிறேன். மச்சானின் குஞ்சு வேறு ஜாதி, தாயில்லாமல் வளர்வது. சேவல் குஞ்சில்தான் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும், நான் சேவல் எது பெட்டை எது என்றே பார்க்கவில்லை. அதோடு இருட்டில் பொரித்த குஞ்சுக்குப் பக்கமே இருக்காது என்று நான் புரிந்துகொண்டதும் தவறு, வெளிச்சத்துக்குக் கட்டுப்படாத பக்கச் சாய்வுகளும் இருக்கின்றன. அத்தனையும் ஒப்புக்கொள்கிறேன்.

17 மார்ச்

நேற்று பருந்து வந்தது. நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். தாய்க்கோழி நீளமாக ஒரு சத்தம் கொடுத்தது, கழுத்து சாய்ந்தது, ஒரு கண் வானத்தில். குஞ்சுகள் அப்படியே வயிற்றைத் தரையோடு அமுக்கின. ஒன்று மட்டும் இன்னும் இரண்டு கொத்து கொத்தியது. அதைப் பருந்து எடுக்கவில்லை, வேறொன்றை எடுத்தது, அதுவும் வாழ்க்கைதான்.

2004ல் ரோஜர்ஸ், ட்சுக்கா, வல்லோர்திகாரா செய்த சோதனை இதேதான்: கீழே கல்லுக்குள் தீனி, மேலே பருந்து வடிவ அட்டை நகரும். வெளிச்சம் பட்ட முட்டைக் குஞ்சுகள் இரண்டையும் சமாளித்தன. இருட்டுக் குஞ்சுகளுக்குப் பருந்தைப் பார்த்தால் தீனி குழம்பியது, நேரம் ஆக ஆக இன்னும் மோசமாயிற்று. ராணிப்பேட்டைக்காரரே, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். பக்கம் பிரித்தது ஒரு பாதியைத் தட்டி எழுப்பி மேதையாவதற்கில்லை, தின்னும்போதே தின்னப்படாமல் இருப்பதற்கு. வகுப்பு எதைத் திறக்கப் போகிறது, இரண்டு பாதியும் ஏற்கனவே வேலையில் இருக்கிறதே.

18 மார்ச்

தூக்கத்திலுமா என்று குடியாத்தம் அக்கா கேட்கிறார். தூக்கத்திலும்தான் அக்கா. வாத்துகளை வரிசையாகத் தூங்கவிட்டு 1999ல் பார்த்தார்கள். ஓரத்து வாத்து ஒரு கண்ணைத் திறந்துவைத்து, அதுவும் வெளிப்பக்கக் கண்ணை, மூளையில் பாதி மட்டும் தூங்குகிறது. கடலுக்கு மேல் நாள்கணக்கில் பறக்கும் ஃப்ரிகேட் பறவை பறந்துகொண்டே தூங்குகிறது, ஒரு நாளைக்கு மொத்தம் 42 நிமிஷம். சென்னையிலிருந்து கடைசி பஸ்ஸில் வருகிறவனுக்கும் இந்த வசதி வேண்டும். நான் போன மாதம் வாலாஜா டோல்கேட்டில் கண்ணை மூடி ஆம்பூரில் திறந்தேன்.

24 மார்ச்

புது முயற்சி, கண்ணை மூடாமல். கோழிக்குஞ்சும் புறாவும் சீராகப் பரப்பிய தீனியில் இடப்பக்கம் கொஞ்சம் கூடுதலாகக் கொத்துகின்றன என்று 2005ல் காட்டியிருக்கிறார்கள். நாமும் அப்படித்தான், ஒரு கோட்டின் நடுவைக் கண்மட்டத்தில் குறிக்கச் சொன்னால் பலர் ஒரு நூல் இடப்பக்கம் தள்ளிக் குறிப்போம். ஆற்காட்டுக்காரரின் இலைக்கு நேரெதிர், ரொம்ப லேசாக.

மொட்டைமாடியில் நொய் பரப்பி எண்ணினேன். இடப்பக்கம் அள்ளிக்கொண்டு போயிற்று! குதித்துக்கொண்டு கீழே வந்து சொன்னேன். கொத்தனாராக இருந்த சித்தப்பா சிரித்தார்: "மாடி வாட்டமே அந்தப் பக்கம்தாண்டா, மழைத்தண்ணி போவ." நொய்யே உருண்டு இடப்பக்கம் சேர்ந்திருக்கிறது.

31 மார்ச்

இப்போது வீட்டு நடையில், மட்டம் பார்த்த தரையில், நடுவே ஒரு சாக்பீஸ் கோடு. குஞ்சு கோட்டின் மேல் நிற்கும்போது நான் இடம் வலம் பார்த்துச் சொல்ல வேண்டும், யாராவது எண்ண வேண்டும். நைனா நாற்காலியில் இருந்தார். "ஒன்று" என்று நான் ஆரம்பித்து வைத்தேன், அவர் பிடித்துக்கொண்டார், ஒவ்வொரு கொத்துக்கும் ஒன்று, குரல் நன்றாகவே வந்தது. பதினெட்டில் குஞ்சு தீனியை விட்டுவிட்டுத் தாயிடம் ஓடியது. நைனாவால் நிறுத்த முடியவில்லை, அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, சிரித்துக்கொண்டே நாற்பத்து மூன்று வரை போனார். இன்றைய கணக்கு செல்லாது. நாளைக்கு மறுபடி.